மரக்கறிச் சோழகம்

வாப்பா சோற்றுக்குள் விரலை விட்டுத் துழாவினார்.

முதலில் சோற்றுக் கோப்பையின் வலப்பக்கம். பிறகு நடு. பிறகு, உம்மா வழமையாக மீன்துண்டை வைத்து அதன்மேல் சோற்றைத் தள்ளி மூடிவிடும் இடப்பக்க ஓரம். அங்கேயும் எதுவும் அகப்படவில்லை. பூசணிக்காய்ப் பால்கறி, பயிற்றங்காய்ச் சுண்டல், தேங்காய்ப்பூப் போட்டு வறுத்த முருங்கையிலை. அவ்வளவுதான்.

"மீன் எங்க?" என்றார்.

உம்மா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். தங்கச்சி சியானாதான் தண்ணீரை நகர்த்தி வைத்தபடி பதில் சொன்னாள்.

"கடல்ல இரிக்கு வாப்பா. காத்து விழட்டும், புடிச்சிட்டு வாங்க."

உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். வாப்பா சிரிக்கவில்லை. வெளியே சோழகக் காற்று மணலை அள்ளித் தகரக் கதவில் அடித்துக்கொண்டிருந்தது. அவர் அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு ஒரு கவளம் எடுத்தார். மருந்து குடிப்பவர் போல வாயில் போட்டார். மென்றார். விழுங்கினார்.

"பசிக்குத் தின்னலாம்" என்றார்.

கண்டக்குழியில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் எங்கள் வீட்டில், எனக்கு நினைவு தெரிந்து மீன் வாசம் இல்லாத முதல் பகல் சோறு அதுதான். பெருநாளைக்கு இறைச்சி ஆக்கும் வீட்டில்கூட ஓரமாக ஒரு பொரித்த மீன் இருக்கும். அன்று அதுவும் இல்லை.

பெருவிரல் செய்த வேலை

எல்லாம் வாப்பாவின் வலக்காற் பெருவிரலால் வந்தது.

ஒரு நாள் சுபஹுத் தொழுகைக்கு எழும்பியவர் காலை நிலத்தில் வைக்கமுடியாமல் திரும்பக் கட்டிலில் சரிந்துவிட்டார். விரல் சிவந்து, பளபளத்து, சீலை பட்டாலும் சுள்ளென்றது. திருக்கை முள் குத்தியும் கடலுக்குப் போன மனிதர். அன்று விரலின்மேல் போர்வை விழுந்ததற்குக் கத்தினார்.

ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்த டொக்டர் ஒரு சிங்கள மனிதர். தமிழ் ஓரளவு வரும். யூரிக் அமிலம் கூடிவிட்டது என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். வாப்பாவிடம் சொன்னது வேறு மாதிரி.

"ஐயா, கால் வேணுமா, மாலு வேணுமா?"

மாலு என்றால் மீன். வாப்பாவுக்கு என்னைவிடச் சிங்களம் நன்றாகத் தெரியும். ஆனாலும் விளங்காதவர் போல என்னைப் பார்த்தார்.

குளிசை தந்தார்கள். கூடவே கட்டுப்பாடு. மீன் நிறுத்த வேண்டும். மாட்டிறைச்சி, ஈரல் நிறுத்த வேண்டும். நண்டு, கணவாய் கூடாது. "இறால் கிட்டயும் போகாதீங்க" என்று டொக்டர் கடைசியாக விரலை ஆட்டிச் சொன்னார். சும்மா சில நாட்களுக்கு இல்லை. இரத்தம் சீராகும் வரைக்கும்.

சோழகம் தொடங்கியிருந்த காலம். எங்கள் மேற்குக் கரையில் அந்தக் காற்று வீசும் மாதங்களில் போட்டுகளை இழுத்துக் கரையில் போட்டுவிடுவார்கள். காற்று விழுந்து கடல் தணிந்ததும் மறுபடி தொழில். வாப்பாவும் நசீர் சாச்சாவும் பங்காக வைத்திருக்கும் ஃபைபர் போட்டில் என்ஜின் பிடிப்பது வாப்பா. நசீர் சாச்சா எங்களுக்கு உறவில்லை. வாப்பாவை நானா, அண்ணன், என்று கூப்பிட்டுக் கூப்பிட்டே எங்களுக்குச் சாச்சாவானவர்.

அவர் வந்து, கதிரையை இழுத்துப்போட்டு, காலை உற்றுப் பார்த்தார்.

"நானா, இது காலா, பேத்தையா?"

ஊதி உருண்டையாகும் பேத்தை மீனைத்தான் சொல்கிறார். வாப்பா முறைத்தார்.

"காத்து விழ முதல் எறங்கிடும்."

"எறங்காட்டி? ஆடுற போட்டுல என்ஜின் பக்கம் நிக்க ரெண்டு காலும் வேணுமே. ஒண்டு செய்வமா? இந்த முறைக்கு மட்டும் எண்ட மச்சினன ஏத்திக்கிறன். நீங்க கரையில நிண்டு பாருங்க."

"கரையில நிண்டு பாக்கிறதுக்கு நான் என்ன கொக்கா?"

நசீர் சாச்சா சிரித்துக்கொண்டே போனார். வாப்பாவின் முகத்தில் சிரிப்பு இல்லை.

கால் மட்டுமல்ல அவருடைய கவலை. அதைச் சியானாவிடம்தான் சொல்லியிருக்கிறார். கடலால் வந்ததும் வாடியில், கரையிலிருக்கும் ஓலைக் கொட்டிலில், எல்லோரும் ஒரே சஹனைச் சுற்றிக் குந்துவார்கள். பெரிய தட்டம். நடுவில் சோறு, மேலே அன்று பிடித்த மீனில் காய்ச்சிய குழம்பு, ஆணம் என்போம். நாலு பேர், நாலு கை, ஒரே தட்டு. "கால் சரியாகிக் கடலுக்குப் போனாலும், திரும்பி வந்து நான் மட்டும் ஒரு மூலையில பொட்டலம் அவுக்கிறதா?" என்று கேட்டாராம்.

ஆக, அந்தச் சோழகம் முடிவதற்குள் எங்களுக்கு இரண்டு வேலைகள் இருந்தன. வாப்பாவின் கால் வீக்கத்தை இறக்குவது. மரக்கறியை அவர் வெட்கப்படாமல் தின்னும் சாப்பாடாக ஆக்குவது.

பூசணிக்காய்க்குக் கண் இல்லை

வீட்டில் மீன் காய்ச்சி, வாப்பாவுக்கு மட்டும் மரக்கறி வைப்பதா? உம்மா அதை யோசிக்கவே இல்லை. "வாசத்தக் காட்டிட்டுச் சோத்த மட்டும் குடுக்கவா? எல்லாருக்கும் ஒரே அடுப்பு" என்றுவிட்டார்.

ஆனால் உம்மாவுக்கு மரக்கறியோடு பழக்கம் போதாது. பருப்பு, சொதி, கீரை எல்லாம் மீனுக்குப் பக்கத்தில் நிற்கும் துணைக்கறிகள்தான் அவருக்கு. அவற்றையே பெரிய சாப்பாடாகச் சமைக்கச் சொன்னதும் தடுமாறிப் போனார்.

"மீன் எண்டா கண் வெளுத்தா வெந்திட்டுது. இந்தப் பூசணிக்காய்க்குக் கண் எங்க இரிக்கு? நான் எதப் பாத்து எறக்க?"

அப்படித்தான் நான் குசினிக்குள் போனேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். பட்டமும் எடுத்துவிட்டு வேலை நியமனம் வரும் வரும் என்று வீட்டில் இருந்த காலம் அது. வாப்பா காற்று விழக் காத்திருந்தார். நான் அரசாங்கத்துக்காகக் காத்திருந்தேன். இருவருக்கும் நேரம் நிறைய இருந்தது.

பக்கத்து வீட்டு மாமிக்கு வேலி அருகே நிற்கக் காரணம் கிடைத்துவிட்டது.

"பல்கலைக்கழகத்துல வெங்காயம் வெட்டவும் சொல்லிக்குடுத்திரிக்காங்க போல."

"ஓம் மாமி. அதுல நான் ஃபர்ஸ்ட் கிளாஸ்."

மீனை நிறுத்துவது என்றால் எங்கள் பக்கத்தில் மீனை மட்டும் நிறுத்தினால் போதாது. பருப்பிலும் சம்பலிலும் மாசிக் கருவாடு விழாமல் இருக்காது. நான் முதல் நாளே மாசிப் போத்தலைத் தூக்கி மாமியிடம் கொடுத்துவிட்டேன். நெத்தலிக் கருவாட்டையும் கொடுத்தேன். மீன் பொரித்த எண்ணெயை ஊற்றிவிட்டேன். படித்த பிள்ளை அல்லவா. குசினியை மூலைமூலையாகச் சோதனை போட்டு, இனி இந்த வீட்டில் மீன் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று அறிவித்தேன்.

குகனின் வெள்ளிக்கிழமைகள்

எனக்கு இந்தச் சமையல் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். போன கிழமை இதே பத்தியில் என் பல்கலைக்கழக அறையைப் பற்றி எழுதியதில் குகனை வெறுமனே தொட்டுவிட்டுப் போய்விட்டேன். அவன் கோபித்துக்கொண்டான்.

குகன் யாழ்ப்பாணத்துப் பையன். செவ்வாயும் வெள்ளியும் மரக்கறி. அந்த நாட்களில் அறையில் இருந்த ஒரே ஒரு சட்டியை அவன் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, மூக்கருகே பிடித்து மோந்து பார்த்துத்தான் அடுப்பில் வைப்பான். நான் டின்மீன் கறியோடு பாண் தின்றுவிட்டு வந்தால் கதவிலேயே மறித்துவிடுவான்.

"டேய், போய்க் கையைக் கழுவு. துறைமுகம் உள்ளுக்க வருது."

முதலில் பசிக்குத்தான் அவனோடு உட்கார்ந்தேன். மழை பெய்துகொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை. வாழைக்காயைப் பொரித்துக் கெட்டிப் பாலில் போட்டு, தேசிக்காய் பிழிந்து ஒரு கறி வைத்தான். சட்டியில் ஒட்டியிருந்ததைச் சோறு போட்டுப் பிரட்டி இருவரும் தின்றோம். மீன் இல்லை என்பது கையைக் கழுவும்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகு செவ்வாயும் வெள்ளியும் நான் வெளியே போகவில்லை. தேங்காய் திருவுவது, கத்தரிக்காயை வெட்டியதும் உப்புத் தண்ணீரில் போடுவது, இரண்டாம் பாலில் வேகவைத்து முதற்பாலைக் கடைசியில் விடுவது எல்லாம் அந்த அறையில் படித்தவைதான்.

வாப்பாவின் கால் கதையைச் சொல்லி உதவி கேட்டபோது அவன் தொலைபேசியில் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

"மச்சான், கடலுக்குப் பக்கத்தில இருந்துகொண்டு என்னட்டயே மரக்கறி கேக்கிறாய்? பொறு, அம்மாவக் கேட்டுச் சொல்லுறன்."

அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் வட்ஸ்அப்பில் அவனுடைய குரல் வரும். பின்னால் அவனுடைய அம்மாவின் குரலும் கேட்கும். "கடுகைக் கருக விடவேண்டாமெண்டு சொல்லு." உம்மா அடுப்பருகே குந்தியிருந்து அதைக் கவனமாகக் கேட்பார். முகம் தெரியாத அந்தப் பெண்ணுக்கு, "சரி மதினி" என்று பதிலும் சொல்வார். பதிவு செய்த குரல் அது, அவருக்குக் கேட்காது என்று சொன்னால், "கேக்காட்டியும் சொல்லத்தானே வேணும்" என்பார்.

காற்றுக் காலத்துச் சாப்பாடு

அந்த மாதங்களை நினைத்தால் எனக்கு இப்போதும் ஒரு நிறைவு வருகிறது.

காய்கறிக்குக் குறை இருக்கவில்லை. உம்மாவின் தம்பிக்குக் குறிஞ்சிப்பிட்டியில் தோட்டம். மணல் நிலம்தான், ஆனால் தண்ணீர் காட்டினால் என்னதான் வராது. அவர் மோட்டார் சைக்கிளின் பின்னால் சாக்கைக் கட்டிக்கொண்டு வருவார். பீட்ரூட், சின்ன வெங்காயம், கத்தரிக்காய், பயிற்றங்காய். "வருசம் முழுக்க மீனக் காட்டி எண்ட வாய அடைச்ச மச்சான், இப்ப எண்ட கத்தரிக்காய்க்கு வழி பாத்துக்கிட்டு இரிக்காரு" என்று முற்றத்திலிருந்தே சத்தம் போடுவார். வாப்பா உள்ளேயிருந்து, "சொத்தை இல்லாததாப் பாத்து எறக்கு" என்பார்.

எங்கள் போட்டுகளைக் கரையில் போட வைக்கும் அதே காற்று வெள்ளைக்காரர்களைக் கூட்டி வரும். பலகையில் நிற்கும் அவர்களை அலைமேல் இழுத்துக்கொண்டு கடலுக்கு மேலே வண்ணப் பட்டங்கள் பறக்கும். வாப்பா காலை நீட்டி உட்கார்ந்து அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பார். முதல் கிழமை அப்படித்தான் போனது. இரண்டாம் கிழமை பொறுமை கெட்டு, "அந்த வெங்காயத்தக் கொண்டாங்க, உரிச்சுத் தாறன்" என்றார்.

கயிறு பின்னிப் பழகிய விரல்கள். பயிற்றங்காயை அவர் ஒடிப்பது பார்க்க அழகாக இருக்கும். எல்லாத் துண்டும் ஒரே நீளம். நூல் தனியாக, காய் தனியாக. சியானா அவருக்குப் பக்கத்தில் பாடப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு படிப்பதுபோல் இருப்பாள். உம்மா தேங்காய் திருவுவார். நான் அடுப்பில். வாப்பா பகல் முழுவதும் வீட்டில் இருந்து, நாங்கள் நால்வரும் ஒன்றாகச் சேர்ந்து ஒரு சோற்றை ஆக்கித் தின்றது அதற்கு முன் நடந்ததே இல்லை. மற்றச் சோழகங்களில் அவர் ஊருக்குப் பின்னால் இருக்கும் களப்பு நீரேரியில் வலை போடப் போய்விடுவார். அவர் கடலால் வரும்போது நாங்கள் பள்ளியில் இருப்போம். நாங்கள் வரும்போது அவர் உறங்குவார்.

ருசியும் பிடித்தது. மரவள்ளிக்கிழங்கைப் பாலில் போட்டு, ரம்பை இலையோடு. பீட்ரூட்டைப் பச்சை மிளகாயோடு. ஈரப்பலாக்காயைக் கறித்தூள் போட்டு இறுக்கமாகப் பிரட்டி. எங்கள் வீட்டுத் தூள் போட்ட கறிகள்தான் வாப்பாவுக்கு அதிகம் பிடித்தன. ஒரு நாள் ஈரப்பலாக்காயைத் தின்றுவிட்டு, கோப்பையை வழித்து நக்கினார்.

"மவன், இதுல என்னமோ இரிக்கு" என்றார்.

குகனுக்கு அதை அப்படியே சொல்லிப் பெருமைப்பட்டேன். எனக்குக் கைமணம் வந்துவிட்டது என்று முழுமனதாக நம்பினேன்.

கள்ளச்சாப்பாடு

கால் வீக்கம் இறங்கியது. வாப்பா செருப்புப் போட்டு வாடி வரைக்கும் நடந்துவிட்டு வந்தார். நசீர் சாச்சா மச்சினனைப் பற்றிய கதையை நிறுத்தினார்.

பிறகு ஒரு காலையில் விரல் மறுபடி சிவந்தது.

உம்மா காலைப் பார்த்தார். வாப்பாவின் முகத்தைப் பார்த்தார்.

"வாடிக்குப் போனீங்களே. அங்க என்ன தின்ன?"

"தேத்தண்ணி குடிச்ச."

"தேத்தண்ணியில கால் வீங்குமா?"

"அல்லாஹ் அறிய ஒண்டும் தின்னல்ல."

"களப்பு மீன் காச்சின வாசம் இஞ்ச வரைக்கும் வந்திச்சு. நசீர் தந்திரிப்பான், நீங்க வாயத் தொறந்திரிப்பீங்க. இந்தப் பிள்ளையள் அடுப்புல வேகுறது உங்களுக்கு விளையாட்டா?"

சத்தியம் செய்தவரை நம்பாவிட்டால் அதற்கு மேல் என்ன சொல்வது. அந்தப் பகல் சோற்றை வாப்பா சுவரைப் பார்த்தபடி தின்றார். வெங்காயம் உரிக்க வரவில்லை.

வீக்கம் தணிந்தது. சில கிழமைக்குப் பிறகு திரும்ப வந்தது. இந்த முறை அவர் வாடிப் பக்கமே போயிருக்கவில்லை. உம்மா அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தார். "அப்ப யாரோ கொண்டு வந்து குடுக்காங்க." மாமி, கத்தரிக்காய் சூடு, அதனால்தான் என்றார். குறிஞ்சிப்பிட்டி மாமா அதைக் கேட்டு மாமியோடு ஒரு மூச்சுச் சண்டை பிடித்தார். காற்றின் வேகம் குறைய ஆரம்பித்திருந்தது. கரையில் போட்டுகளுக்கு வர்ணம் பூசத் தொடங்கியிருந்தார்கள். நசீர் சாச்சாவின் மச்சினன் எங்கள் போட்டின் என்ஜினைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்ததைச் சியானா பார்த்துவிட்டு வந்தாள். வாப்பாவிடம் சொல்லவில்லை. என்னிடம் மட்டும் சொன்னாள்.

ஒரு சுண்டு

தூள் டின் காலியானது. உம்மா புதிதாகத் தூள் வறுக்க உட்கார்ந்தார்.

இது அவருடைய தனி இராச்சியம். வருடத்தில் இரண்டு முறை, ஒரு காலை முழுவதும் அடுப்பைத் தானே பிடித்துக்கொள்வார். கொத்தமல்லி முதலில். பிறகு பெருஞ்சீரகம், நற்சீரகம், மிளகு. ஒரு கை பச்சரிசி. கறிவேப்பிலை நொறுங்கும்வரை. செத்தல் மிளகாய் போட்டதும் நானும் சியானாவும் தும்மித் தும்மி வாசலுக்கு ஓடினோம். எல்லாவற்றையும் பெட்டியில் கொட்டி ஆறவிட்டுவிட்டு, உம்மா கையை நீட்டினார்.

"சியானா, அந்தக் கூனிப் பையக் கொண்டா."

சியானா அறையில் இருந்த அலுமாரியின் கீழ்த்தட்டைத் திறந்து, ஒரு சின்னச் சீலைப்பையை எடுத்து வந்து கொடுத்தாள். உம்மா அதை அவிழ்த்துச் சட்டியில் கொட்டினார். நகத்தின் ஓரத்தைவிடச் சிறிய, வெயிலில் காய்ந்து இளஞ்சிவப்பாகிய இறால்கள். சூடு பட்டதும் கடல் முழுவதும் எழும்பி வந்தது போல ஒரு மணம்.

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"உம்மா, அது என்ன?"

"கூனி."

"தூளுக்குள்ளயா?"

"எப்பவும் போடுறதுதானே. அளந்து ஒரு சுண்டு. அது இல்லாட்டித் தூளுக்கு வாசம் எங்க?"

"போன முறை வறுத்த தூளுக்கும் போட்டீங்களா?"

"ஓம். ஏன்?"

சியானாவுக்கு விளங்கிவிட்டது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள்.

"உம்மா, கூனியும் இறால்தானே" என்றேன்.

உம்மா சட்டியைப் பார்த்தார். "இம்புட்டுக் குட்டியா இருந்தாலுமா?"

"டொக்டர் பெரிசு சின்னது எண்டு சொல்லல்ல."

உம்மாவின் கை அகப்பையோடு அப்படியே நின்றது. அவருக்குக் கூனி என்பது கறிவேப்பிலை, மிளகைப் போல ஒரு சரக்கு. தட்டில் வந்து விழாததை அவர் எப்படித் தின்னும் பொருளாக நினைப்பார். மூலைமூலையாகச் சோதனை போட்ட எனக்கும் தூள் டின்னைத் திறந்து மோந்து பார்க்கத் தோன்றவில்லை. அது தூள். அவ்வளவுதான்.

"என்ன அங்க சிரிப்பு?" வாப்பா முற்றத்திலிருந்து கேட்டார்.

சியானா ஓடிப்போய்ச் சொன்னாள். பிறகு வாப்பா நொண்டி நொண்டிக் குசினி வாசலுக்கு வந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு, உம்மாவைப் பார்த்தார்.

"அப்ப இவ்வளவு நாளும் எனக்குக் கள்ளமா இறால் தீத்தினது யாரு? நசீரா?"

உம்மா தலையை நிமிர்த்தவில்லை.

"சத்தியம் பண்ணியும் நம்பல்ல. களப்பு மீன் வாசம் வந்திச்சாம். வாசம் எங்க இருந்து வந்திரிக்கு பாருங்க."

அவர் அந்தக் காலோடு வாடி வரைக்கும் போய் எல்லோருக்கும் சொல்லிவிட்டு வந்தார். வலித்திருக்கும். ஆனால் அப்படி ஒரு சந்தோஷத்தோடு அவர் நடந்து நான் பார்த்ததில்லை.

உம்மா மன்னிப்பு என்ற சொல்லைச் சொல்லவில்லை. அன்று பின்னேரம் இனிப்பு வட்டிலப்பம் அவித்து, மேலே போட்ட முந்திரிப் பருப்பு எல்லாம் ஒரே துண்டில் வரும்படி வெட்டி, அந்தத் துண்டை வாப்பாவுக்கு வைத்தார். வாப்பா தின்றுவிட்டு, "இதுல என்ன போட்டிரிக்கு, நண்டா?" என்று கேட்டார். உம்மா அப்போதுதான் சிரித்தார்.

அடுத்த முறை போனபோது டொக்டரும் சிரித்தார். கூனிதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, தண்ணீர் குறைத்துக் குடித்தாலும் வீங்கும், என்றாலும் அதையும் விட்டுப் பாருங்கள் என்றார்.

ஊமைத் தூள்

கூனி இல்லாமல் புதிதாகத் தூள் வறுத்தோம். அதே ஈரப்பலாக்காய், அதே சட்டி, அதே கை.

வாப்பா ஒரு வாய் வைத்தார். எங்களைப் பார்த்தார். பாவம், நல்லதாக ஏதாவது சொல்லத்தான் முயன்றார்.

"உறைப்பு இரிக்கு. உப்பும் இரிக்கு. ஆனா தூள் ஊமையா இரிக்கு."

என் கைமணம் எங்கே இருந்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. குகனிடம் சொன்னேன். அவனுக்கு வந்த கோபம் வேறு.

"அப்ப எங்கட அம்மா சொல்லித் தந்த கறிக்கெல்லாம் இறால் போட்டுத்தான் தின்னனீங்களா? நான் இத அம்மாட்டச் சொல்லமாட்டன். நீயும் சொல்லாத."

திரும்பவும் முதலிலிருந்து. கடுகு அரைத்துப் போட்டோம். கசந்தது. எள்ளு வறுத்துப் போட்டோம். பலகாரம் போல வந்தது. வாப்பா அடுப்பருகே கதிரையைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பார். "முன்னுக்கு வருகுது. பின்னால ஒண்டும் வருகுதில்ல" என்பார். போட்டில் என்ஜின் சத்தத்தைக் கேட்டுக் குறை சொல்வதும் அவர் இப்படித்தான்.

வழி கிடைத்தது ஒரு கவனக்குறைவால். கத்தரிக்காய்க்கு அரைத்து ஊற்றத் தேங்காய்ப்பூவை வறுத்துக்கொண்டிருந்த உம்மா, மாமி வேலிக்கு வந்ததும் கதையில் இருந்துவிட்டார். நான் கிணற்றடியில். வந்து பார்த்தால் தேங்காய்ப்பூ கருகுவதற்குச் சற்று முந்திய நிறத்தில், கோப்பிக்கொட்டை போல இருந்தது. கொட்ட மனமில்லாமல் உம்மா அதைக் கொறுக்காய்ப் புளித் துண்டோடு அம்மியில் வைத்து அரைத்தார். பொரித்த கத்தரிக்காயும் கீறிய பச்சை மாங்காயும் போட்டு, அந்த அரைப்பை விட்டு, எண்ணெய் மேலே வரும்வரை வற்றவிட்டோம்.

வாப்பா உள்ளங்கையை நீட்டினார். நக்கினார். கொஞ்சம் பொறுத்தார். திரும்ப நீட்டினார்.

"இது" என்றார்.

அன்று மூன்று முறை சோறு வாங்கித் தின்றார்.

அதற்குப் பிறகு விரல் சிவக்கவில்லை.

வாடியில்

காற்று விழுந்தது. பட்டக்காரர்கள் மூட்டை கட்டினார்கள். ஒரு விடியற்காலை வாப்பா இரண்டு காலையும் மணலில் ஊன்றி, நசீர் சாச்சாவோடு போட்டைத் தள்ளி, என்ஜின் பக்கம் ஏறி நின்றார். மச்சினன் கரையில் நின்று கயிற்றை எறிந்தார்.

அவர்கள் வரும் நேரத்துக்கு நானும் சியானாவும் சட்டியைத் துணியில் கட்டிக்கொண்டு வாடிக்குப் போனோம். கருக்கிய தேங்காய் அரைத்த கத்தரிக்காய் ஆணம். கொஞ்சம் பூசணிக்காய். சியானா ஒரு தனிக் கோப்பையும் எடுத்து வந்திருந்தாள்.

வலையிலிருந்து மீன் கழற்றி முடிந்தது. நசீர் சாச்சா சூரை மீன் ஆணம் காய்ச்சியிருந்தார். பாயில் சஹனை வைத்துச் சோற்றைக் கொட்டினார். அவரும், கூட வேலை செய்யும் இரண்டு பேரும் குந்தினார்கள். வாப்பா குந்தவில்லை. தனிக் கோப்பைக்காகச் சியானாவிடம் கையை நீட்டினார்.

"நீங்க தின்னுங்க. எனக்கு இது காணும்."

"நானா, வந்து இருங்க" என்றார் நசீர் சாச்சா.

"மீன் ஆணம் எண்ட சோத்துக்கு வரும்டா. திரும்பக் கால் வீங்கினா உனக்கு மச்சினன் இரிக்கான், எனக்கு யாரு இரிக்கா?"

நசீர் சாச்சா ஒரு கணம் சஹனைப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் சோற்றை அள்ளி, நடுவால் ஒரு வரம்பு கட்டினார். உப்பளத்தில் பாத்திக்குப் பாத்தி கட்டுவார்களே, அப்படி, அமத்தி அமத்தி. ஒரு பக்கம் மீன் ஆணத்தை ஊற்றினார். வரம்பு தாங்கியது.

"இந்தப் பக்கம் கடல். அந்தப் பக்கம் குறிஞ்சிப்பிட்டி. இப்ப இருங்க."

வாப்பா குந்தினார். நான் கத்தரிக்காயை அவருடைய பக்கத்தில் விட்டேன். நாலு பேரும் பிஸ்மில்லாஹ் சொல்லிக் கை வைத்தார்கள். கொஞ்ச நேரம் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பிறகு வேலை செய்பவர்களில் ஒருவர், ருசி பார்க்கிறேன் என்று இடது கையில் ஒரு அகப்பை கத்தரிக்காய் வாங்கினார். பிறகு மற்றவர் வாங்கினார். நசீர் சாச்சா இருவரையும் ஏசிவிட்டுத் தானும் வாங்கினார். வாங்கிய ஒவ்வொருவரும் எழும்பிப் போய் மீன் பட்ட கையைக் கழுவிவிட்டு வந்து, வரம்பின் அந்தப் பக்கம், வாப்பாவின் பக்கம், நெருக்கி உட்கார்ந்தார்.

"டேய், உங்கட பக்கத்துல தின்னுங்கடா" என்றார் வாப்பா. முழங்கையால் தள்ளிக்கொண்டே.

சோறு முடிந்தது. சஹனைக் கழுவி இரண்டாம் முறை சோறு கொட்டினார்கள். நசீர் சாச்சா மீன் சட்டியை எடுத்தார். மூடியைத் திறந்தார். திரும்ப மூடிப் பக்கத்தில் வைத்தார்.

"இது ராவைக்கு வீட்ட கொண்டு போவம்" என்றார்.

வரம்பு கட்டவில்லை. வாப்பா என் கையிலிருந்து சட்டியை வாங்கி, மிச்சமிருந்த ஆணத்தைச் சோற்றின் மேல் சுற்றிவர ஊற்றினார். ஒவ்வொருவர் பக்கமும் சமமாக விழுகிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். சட்டியை வழித்துவிட்டு என்னிடம் தந்தார்.

"நாளைக்குக் கொஞ்சம் கூடக் காச்சச் சொல்லு, உம்மாட்ட."